அருவியின் தாய்வீடு



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சிறு பயணத்தைப் பற்றியது. குழந்தை குட்டிகளோடும் வயது முதிர்ந்தவர்களோடும் ஒரே நாளில் சென்று மீளத்தக்க பயணம்; மலையேறும் பயிற்சியோ தனிக் கருவிகளோ வேண்டாத பயணம். ஹோர்ட்டன் சமவெளியின் காட்டினூடே நடந்து, பேக்கர் நீர்வீழ்ச்சியைக் கண்டு திரும்புவதே அது.

அருவியைக் காண இத்தனை தொலைவு போகவேண்டுமா என்று மலையகத்து நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெருவில், பேருந்தில் அமர்ந்தவாறே டெவன் நீர்வீழ்ச்சியையும் சென்கிளயார் நீர்வீழ்ச்சியையும் கண்டுவிடலாம். இறம்பொடைப் பக்கம் போனால் தெருவோரத்திலேயே அருவி இரைந்துகொண்டிருக்கும். ஆனால், நேயர்களே, கண்ணில் படுவது வேறு, சென்று காண்பது வேறு. அந்த இறம்பொடை வளைவுகளில் நம் பிள்ளைகள் பூக்கொத்துகளை ஏந்திக்கொண்டு குறுக்குப் பாதைகளில் ஓடி இறங்கி, ஒரே வாகனத்தை நான்கைந்து வளைவுகளிலும் மறித்து நின்று விலை கூறும் காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். வாகனத்தில் இருப்பவர் அருவியைக் காண வந்தவர். ஓடுகின்ற பிள்ளை அருவியின் அருகே பிறந்தது. அப்பிள்ளை அருவியை நிமிர்ந்து பார்க்க நேரம் வாய்க்கிறதா என்பது என் மனத்தை நெடுங்காலமாக உறுத்தி வரும் வினா.

நான் தலைமையாசிரியனாக இருக்கும் பாடசாலையின் பிள்ளைகள் பெரும்பாலும் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒருநாள் ஐந்தாம் வகுப்பில், நாம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பீலியிலிருந்து என்று வகுப்பே ஒரு குரலாகச் சொல்லிற்று. பீலிக்கு எங்கிருந்து வருகிறது என்றேன். மேல்மலையிலிருந்து என்றாள் ஒரு சிறுமி. மேல்மலையில் என்ன இருக்கிறது என்றேன். தேயிலை என்று விடை வந்தது. தேயிலைக்கு மேலே? அதற்கு எவரும் விடை சொல்லவில்லை. சொல்லாததற்குப் பிள்ளைகளைக் குறை கூற இயலாது. தேயிலை முடியும் எல்லைக்கு அப்பால் அவர்களை எவரும் அழைத்துச் சென்றதில்லை. விறகு பொறுக்கச் சென்ற சில பையன்களைத் தவிர ஏனையோருக்குக் காடு என்பது அட்டையும் சிறுத்தையும் உள்ள அச்சந்தரும் இடம், அவ்வளவே.

நடப்பது நம்மவர்க்குப் புதிதா என்றால், இந்த நாட்டில் நம் மக்களைப்போல் நடந்தவர்கள் வேறு எவரும் இலர் என்பேன். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அடர்ந்த காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். நீரின்றியும் நோயுற்றும் வழியிலே வீழ்ந்தவர்கள் எண்ணற்றோர். அந்த நடையின் இருநூறாம் ஆண்டு நினைவாக 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் மீண்டும் நடந்து சென்றனர். அதன்பின் வந்த தலைமுறைகளோ நாள்தோறும் பெரட்டுக் களத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும், அங்கிருந்து லயத்துக்கும் நடந்தே வாழ்நாளைக் கழித்தன. நடையெல்லாம் வேலையின் பொருட்டாகவோ பிழைப்பின் பொருட்டாகவோ இருந்தது. ஆகவேதான் மகிழ்ச்சியின் பொருட்டு நடப்பது என்று ஒருவர் சொன்னால் நம் பெரியவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இத்தகைய எண்ணங்களோடுதான், சில ஆண்டுகளுக்கு முன் பெப்ரவரி மாதத்துப் போயா நாளொன்றில், பிள்ளைகளோடு பெற்றோரையும் சேர்த்து இரண்டு வேன்களில் ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றோம். பெப்ரவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சனவரி முதல் மார்ச்சுவரை அங்கே மழை குறைவு. விடியற்காலையில் குளிர் கடுமையாக இருக்கும், சில நாள்களில் புல்லின்மேல் உறைபனியும் படியும். ஆயினும் முற்பகலில் வானம் தெளிந்திருக்கும். எவ்வளவுக்கு முந்திப் போகிறோமோ அவ்வளவுக்கு நன்று. பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். நாங்கள் அதிகாலை மூன்று மணிக்கு ஹட்டனைவிட்டுப் புறப்பட்டோம். உறங்குகிற பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். தாய்மார் இரவே ரொட்டி சுட்டுச் சம்பலும் அரைத்துக் கட்டியிருந்தார்கள்.

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ முப்பத்திரண்டு கிலோமீற்றர் செல்லவேண்டும். ரயிலில் வருவோர் பட்டிப்பொலவிலோ ஓஹியவிலோ இறங்கி அங்கிருந்து வண்டி அமர்த்திக்கொள்வது வழக்கம். மண்சரிவுகளால் மலைநாட்டு ரயில் பாதை அடிக்கடி பாதிக்கப்படுவதால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுதல் நலம். செலவைப் பற்றியும் ஒரு சொல். நுழைவுக் கட்டணம் உள்நாட்டவர்க்கு வெளிநாட்டவரைவிட மிகக் குறைவு. வேன் வாடகைதான் கையைக் கடிக்கும். பல குடும்பங்கள் சேர்ந்து சென்றால் அதுவும் பங்காகிவிடும். நாங்கள் மூன்று மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்தோம்.

வாயிலில் காவலர்கள் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீன் உறைகளையெல்லாம் அகற்றிவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தாய்க்கு இது பெரும் மனக்குறையாயிற்று. பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட்டின் உறையைக் கிழித்துக் காகிதத்தில் கொட்டிக் கொடுத்தார்கள். எனக்கோ அக்கட்டுப்பாடு மிகவும் பிடித்திருந்தது. நம் திருவிழாக்களிலும் இதைப் பின்பற்றினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! உணவை வாழையிலையிலோ துணியிலோ தூக்குச் சட்டியிலோ கட்டிச் செல்வோர்க்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றருக்கு மேலே பரந்திருக்கிறது. சிங்கள மக்கள் அதனை மகா எலிய என்று வழங்கினர். பெருவெளி என்பது பொருள். 1834இல் இரண்டு ஆங்கிலப் படை அதிகாரிகள் வேட்டையாடச் சென்று அதனைக் ‘கண்டுபிடித்து’, அப்போதைய தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் பெயரைச் சூட்டினார்கள். முன்பே ஒரு பெயரைத் தாங்கி நின்ற இடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது ஆட்சியாளர்களுக்கே உரிய சொல்வழக்கு. அங்கே புல்வெளியும் காடும் மாறி மாறி வரும். அந்தப் புல்வெளிக்குச் சிங்களத்தில் பத்தனை என்று பெயர். நம் அக்கரப்பத்தனை என்னும் ஊர்ப்பெயரிலும் அச்சொல் ஒளிந்திருக்கிறது. தேயிலை வருமுன் அப்பக்கத்து மலைகளும் இவ்வாறே புல் போர்த்திருந்தன என்று கொள்ள இடமுண்டு.

வண்டிகள் நிற்கும் இடத்தில் ஃபார் இன் என்னும் பழைய கட்டிடம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் வேட்டைக்கு வருவோர் தங்கிய விடுதி அது. அங்கிருந்து தொடங்கும் நடைபாதை, உலகமுடிவு எனப்படும் பெரும் செங்குத்துப் பாறையையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் தொட்டு வட்டமாகத் திரும்புகிறது. முழுச் சுற்றும் ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். நல்ல காலுடையவர்க்கு மூன்று மணி நேரம். பிள்ளைகளோடு போனால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையும் முதியோரும் உள்ள குடும்பங்கள் உலகமுடிவை விட்டுவிட்டு அருவிக்கு மட்டும் சென்று திரும்புவதே அறிவுடைமை. அப்பாறையின் கீழே ஏறக்குறைய 870 மீற்றர் வெற்று வெளி இருக்கிறது. துள்ளி ஓடும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நின்று எதை இரசிக்கப் போகிறோம்? எந்தத் திசையில் நடக்கவேண்டும் என்பதை வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வருவது புல்வெளி. பனித்துளி இன்னும் காயாத அந்தப் புல்லிடையே மரைகள் நின்றுகொண்டிருந்தன. கொம்புடைய பெரிய மரையொன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கிற்று. இரைந்துகொண்டே வந்த நாற்பது பேரும் எவரும் சொல்லாமலே வாயடங்கி நின்றார்கள். ஆங்காங்கே குட்டையான மரங்களில் செங்கொத்துப் பூக்கள் தெரியும். சிங்களத்தில் மகரத்மல் என்றும், நீலகிரியில் அதன் இனத்தைக் காட்டுப்பூவரசு என்றும் சொல்வார்கள். நம் இலக்கியம் போற்றும் குறிஞ்சியின் உறவுச் செடியான நெலுவும் இங்கே உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை மலைச்சரிவெல்லாம் பூத்து, பின் விதை உதிர்த்து மடியும். அவ்விதையைத் தின்னக் காட்டுக்கோழிகள் கூட்டமாக வரும். 2013இல் அது பூத்ததைக் கண்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

புல்வெளி முடிந்து காட்டுக்குள் நுழைந்ததும் ஒளி குறைகிறது. மரங்கள் உயரமில்லை. காற்றால் முறுக்கேறிக் கூனி, கிளைகள் குடைபோல் கவிந்திருக்கின்றன. கிளைதோறும் பாசி, அதன்மேல் கிழவனின் தாடிபோல் தொங்கும் வெண்சாம்பல் நிறப் பாசிக்கொடி. கையால் தொட்டால் ஈரம். மழை பெய்யாத நாள் அது. ஆனால் இலை நுனிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள். நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுவே.

இத்தகைய காட்டை முகில்காடு என்பர். மழை மேலிருந்து விழும்போது எந்த மலையும் அதைப் பெற்றுக்கொள்ளும். ஆனால் தவழ்ந்து செல்லும் முகிலிலிருந்து நீரைப் பறித்தெடுக்க இந்தக் காட்டினால்தான் முடியும். பாசி மூடிய கிளையிலும் இலையிலும் முகில் மோதும்போது நுண்துளிகள் ஒட்டிக்கொண்டு, திரண்டு, சொட்டி வேரடிக்குச் செல்கின்றன. அங்கே பல்லாண்டு உதிர்ந்த இலைமக்கு கடற்பஞ்சுபோல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடைக்காலத்திலும் ஊற்றுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. வெறும் தரையில் விழும் மழையோ ஒரே மணி நேரத்தில் சேறாகி ஓடிவிடும். இதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்கவே தேவையில்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் மழைநாளில் ஓடும் நீரின் நிறத்தை அவர்கள் அறிவார்கள்.

படிகளில் இறங்கும்போது அருவியின் ஓசை முதலில் கேட்கிறது, பின்புதான் உருவம். ஏறத்தாழ இருபது மீற்றர் உயரம். டெவனின் உயரத்தோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் கருங்கல் படிகளில் விரிந்து பல கூறுகளாக விழுந்து, நாற்புறமும் பெரணிச் செடிகள் நனைந்து நிற்க, காட்டின் நடுவே தனக்கென ஓர் அறை கட்டிக்கொண்டதுபோல் அது இருக்கிறது. படிகள் செங்குத்தானவை, ஈரத்தால் வழுக்குபவை. முதியோரை இருவர் தாங்கிக்கொள்ளவேண்டும். நீரில் இறங்கிக் குளிக்க அனுமதியில்லை; சுழலும் பாசிப்பாறையும் உள்ள இடம் அது. அந்தக் கட்டுப்பாட்டைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

அருவிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் நுவரெலியாவில் பண்ணை அமைத்து வாழ்ந்த ஆங்கிலேயர். பின்னாளில் ஆபிரிக்காவில் பேரேரியொன்றைக் கண்டு புகழ்பெற்றவர். நாய்களை ஏவி மரைகளை வேட்டையாடுவதில் அவருக்கு இருந்த ஆர்வத்தை அவரே நூலாக எழுதி வைத்திருக்கிறார். ஒருகாலத்தில் இச்சமவெளியில் யானைகளும் இருந்தன. பின்னர் அவை அற்றுப்போயின. அத்தகைய ஒருவரின் பெயரை, மரைகள் நீர் குடிக்கும் அருவி தாங்கி நிற்பது காலத்தின் வேடிக்கை.

ஆனால் அதே வெள்ளைக்கார ஆட்சி செய்த ஒரு நற்செயலையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கோப்பி வெறியில் மலையெல்லாம் மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்தில், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாதீர்கள் என்று தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் அறிவுரை வழங்கினார். அவ்வாறே 1873இல் ஆணை பிறந்தது. அது எல்லா இடத்திலும் முழுமையாகக் காக்கப்படவில்லை என்பதை நுவரெலியாவின் உயர்ந்த தேயிலை மலைகளே காட்டும். எனினும் இச்சமவெளி தப்பிற்று. சுதந்திரத்துக்குப் பின் 1960களில் இதன் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கும் பயிரிட்டுப் பார்த்தார்கள். நல்லவேளையாக 1969இல் இது காப்பிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைச் சொத்தின் ஒரு பகுதியாயிற்று. இன்று கோடரியால் இதற்கு ஆபத்தில்லை. ஆயினும் சில பத்தாண்டுகளாக இங்குள்ள மரங்கள் பல நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. பாதையோரத்தில் வெளிறிய எலும்புக்கூடுகள்போல் அவை தெரியும். இதற்கான காரணங்களை ஆய்வாளர்கள் இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள்.

அருவிக்கு எதிரே அமர்ந்து ரொட்டி தின்றோம். அப்போது பிள்ளைகளிடம் ஒரு சுள்ளியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினேன். இந்த அருவியின் நீர் பெலிகுல் ஓயாவாகத் தெற்கே இறங்கி, வளவை ஆற்றோடு கூடி, சமனலவெவ நீர்த்தேக்கத்தில் மின்சாரமாகி, உடவளவையில் வயலுக்குப் பாய்ந்து, அம்பலாந்தோட்டையில் கடலைச் சேர்கிறது. இதே மலைத்தொகுதியின் மற்றொரு பக்கத்து நீர் ஆக்ரா ஓயாவாக அக்கரப்பத்தனைக்கு இறங்கி, கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலைக்கு வருகிறது, பின் மகாவலியாகிறது. இன்னொரு பக்கத்து நீர் பொகவந்தலாவைக்கு இறங்கி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கி, களனியாகிக் கொழும்பு நகரத்தாரின் குடிநீராகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் தாய்வீடு இந்த மலைமுடியே. சொல்லி முடித்ததும் ஒரு பையன், “அப்போ எங்க வீட்டு லைட்டும் இங்கருந்துதான் வருதா சேர்?” என்றான். ஆம் என்றேன், அதில் ஒரு பங்கு இங்கிருந்துதான்.

எங்களோடு வந்தவர்களில் எழுபது வயதைத் தொட்ட ஒரு மூதாட்டியும் இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர்; பேரனை விட்டுப் பிரிய மனமின்றி வந்திருந்தார். இறங்க முடியுமா என்று நான் தயங்கியபோது, “எறங்காத மலையா ஐயா?” என்று சொல்லிவிட்டு எங்கள் எல்லாருக்கும் முன்னால் இறங்கினார். அருவியைப் பார்த்து நெடுநேரம் நின்றவர், பின் முதுகை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கூட இல்லாம மலையில நடக்கிறது இதான் மொதத் தடவ. என்னமோ விட்டுட்டு வந்த மாதிரியே இருக்கு.” அருகில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

காட்டுக்கும் நம் வாழ்வுக்கும் உள்ள தொடர்பு விளக்கும் மின்சாரமும் மட்டுமன்று. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் மலையகத்தின் சரிவுகள் பல இடங்களில் இடிந்து விழுந்தன. காடு நின்றிருந்தால் எல்லாம் தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அத்தகைய மழைக்கு எதுவும் தாங்காத இடங்களும் உண்டு. நம் குடியிருப்புகள் அத்தகைய சரிவுகளிலேயே ஏன் அமைந்தன என்பதும் தனியே பேசவேண்டிய செய்தி. ஆனால் எந்தச் சரிவில் எந்த நீரோடை இருந்தது, அது எப்போது மண்மூடிப்போயிற்று, மேலே எந்த மரம் நின்றது என்பதைத் தன் கண்ணால் அறிந்த பிள்ளை, நாளை அந்தச் சரிவில் வீடு கட்ட ஒருவர் அடிக்கல் நாட்டும்போது வாய் திறந்து கேட்கும். அதற்காகவேனும் அப்பிள்ளையைக் காட்டுக்குள் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள் என்று பெற்றோரையும் என் ஆசிரிய நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஹோர்ட்டன் சமவெளிவரை போக இயலாதவர்கள், தோட்டத்தின் பீலிக்கு நீர் வரும் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிறன்று மேலே நடக்கட்டும். தேயிலை முடியும் இடத்தில் ஏதேனும் ஒரு சோலை மிஞ்சியிருக்கும்.

புறப்பட எண்ணுவோர்க்கு இரண்டொரு குறிப்புகள். செருப்பைவிடச் சப்பாத்து நல்லது. ஒவ்வொருவருக்கும் கம்பளியுடை வேண்டும். காலைக் குளிரைத் தாங்கியவர்கள் நண்பகலில் அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார்கள். வழியில் கடையில்லை, ஆதலால் நீரும் உணவும் கையிலிருக்கவேண்டும். பாதையைவிட்டு விலகாதீர்கள். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்பவர் தெரியமாட்டார். பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடக்கவேண்டும். நாங்கள் முன்னால் ஒரு தந்தையையும் பின்னால் ஒரு தந்தையையும் நிறுத்தி, இடையில் பிள்ளைகளை விட்டோம். செடியையோ பூவையோ பறிக்கலாகாது, மரைக்கு உணவு கொடுக்கலாகாது என்பதையும் சொல்லி வையுங்கள். பிந்தியது பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே அதிகம் சொல்லவேண்டியிருந்தது.

பிற்பகலில் திரும்பினோம். தலவாக்கலையைக் கடந்தபின், சென்கிளயார் நீர்வீழ்ச்சி தெரியுமிடத்தில் ஓட்டுநர் தாமாகவே வண்டியை நிறுத்தினார். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்காக அந்த ஓடை அணைகட்டித் திருப்பப்பட்டுள்ளது. அருவி முற்றும் வற்றிவிடாதபடி பகலில் ஓரளவு நீரை விடுகிறார்கள். அதனால் பழைய பெருக்கில்லை. மெலிந்த வெண்ணூல்போல் விழுந்துகொண்டிருந்தது. நாள்தோறும் அதைத் தாண்டிச் செல்லும் பிள்ளைகள் அன்றுதான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். இது காலையில் பார்த்த அதே தண்ணீரா என்று அந்த மூதாட்டியின் பேரன் கேட்டான். அது தெற்கே போய்விட்டது, இது அதே மலையின் இந்தப் பக்கத்துத் தண்ணீர் என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்போ ரெண்டும் அண்ணன் தம்பி” என்று பாட்டியிடம் விளக்கத் தொடங்கினான். ஹட்டன் வந்து சேரும்வரை அவ்விளக்கம் முடியவில்லை.